மேடையில் மாறிப்போன பாடம்

எங்கள் ஊரை வருடத்துக்கு ஒருமுறை கோலப்பொடியில் வரைந்துவிடுவார்கள். வரைகிறவர்கள் வெளியூர்க் கல்லூரியில் விவசாயம் படிக்கிற பிள்ளைகள். கடைசி வருடத்தில் சில மாதம் கிராமத்தோடு இருந்து படிக்க வேண்டும் என்று அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. உச்சிப்புளியில் வீடு பிடித்துத் தங்கிக்கொண்டு, காலையில் மினி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முதல் வாரத்திலேயே அம்மன் கோயில் பொட்டலில் தண்ணீர் தெளித்து ஊரின் படத்தைப் போட்டுவிடுவார்கள். வயலுக்குப் பச்சைப் பொடி, கண்மாய்க்கு நீலப் பொடி. கண்மாயில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். இருந்தாலும் நீலம்தான்.

பிறகு பேனரைப் பிடித்துக்கொண்டு எங்களையும் நிற்க வைத்து ஒரு போட்டோ. இடமும் நேரமும் போட்டோவிலேயே விழ வேண்டும். விழாவிட்டால் அவர்கள் ஊருக்கு வந்ததாகவே கல்லூரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். போட்டோ முடிந்ததும் ஆடுகள் கண்மாயிலிருந்து ஏறி வந்து, பொட்டலில் இருக்கிற கண்மாயையும் மிதித்துவிட்டுப் போகும். இதுவரை போட்ட படங்களில் என் வீடு ஒரே இடத்தில் இருந்ததில்லை. ஒரு வருடம் கண்மாய்க்குள்ளேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

அது எனக்கு வராது. பத்தாவது வரை படித்தவன் நான். அத்தனை வருடமும் வகுப்பில் நான் சத்தமாகச் சொன்னது "உள்ளேன் ஐயா" ஒன்றுதான். அதையும் பக்கத்தில் இருந்தவன் சொல்லிவிட்டால் நிம்மதியாக இருந்துகொள்வேன்.

ஊரில் பேசுவதற்கென்றே வேறு ஆள் இருக்கிறார். எனக்கு மச்சான் முறை. எந்தக் கல்லூரி வந்தாலும் அவர்தான் முன்னோடி விவசாயி. பச்சைத் துண்டு சொந்தமாக வைத்திருக்கிறார். பிள்ளைகள் கேள்வித்தாளை எடுத்தால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "மண் பரிசோதனை செய்தீங்களா?" "செஞ்சாச்சு." "சொட்டு நீர் பற்றித் தெரியுமா?" "நல்லாத் தெரியும்." எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது அவர் கண்டுபிடித்தது. நாங்களும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டோம். எங்கள் ஊரைப் பற்றி அந்தக் கல்லூரியில் இருக்கும் தாள்களைப் படித்தால் இங்கே குடிவந்துவிடலாம் என்று தோன்றும்.

நான் சொல்ல வந்த வருடம், ஆறு பெண் பிள்ளைகள் வந்தார்கள். வந்த வேகத்தில் பலதும் கற்றுக்கொண்டார்கள். உச்சிப்புளி சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை கேட்பது, உப்புத் தண்ணீரில் நுரை வராத சோப்போடு மல்லுக்கட்டுவது, மினி பஸ் ஓட்டுநரிடம் சிரித்துப் பேசி வயல் பக்கமே நிறுத்த வைப்பது எல்லாம் வந்துவிட்டது. ஒரு பிள்ளை கண்மாய்க் கரையில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகிக்கொண்டு போனது. இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது என்பதால் சீக்கிரம் வந்ததோ என்னவோ. பாடம் என்று வந்தவுடன் முகம் மாறிவிடும், தமிழும் மாறிவிடும். காலையில் என் மனைவியிடம் "அக்கா, இந்தக் கொழம்பு எப்படி வச்சீங்க?" என்று கேட்ட பிள்ளை, பேனர் விரித்த பிறகு "விவசாயப் பெருங்குடி மக்களே" என்று ஆரம்பிக்கும். எதிரே நானும் என் மனைவியும் ஒரு நாயும்தான் இருப்போம்.

ஆறு பேரில் ஒரு பிள்ளை மட்டும் பேசாது. சேலம் பக்கத்துப் பிள்ளை. பேனரின் ஓரத்தைப் பிடிப்பதுதான் அதன் வேலை. போட்டோவில் பாதி முகம் பேனருக்குப் பின்னால் போயிருக்கும். நானும் அந்தப் பக்கமாகத்தான் ஒதுங்கி நிற்பேன். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு சிக்கல் இருந்தது. கல்லூரியில் முதல் கட்டமாக நடந்த பேச்சில் மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவிட்டது. இந்தக் கிராமத்துப் படிப்பு முடிகிற சமயம் இராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போடுவார்கள். ஒவ்வொரு மாணவியும் ஒரு விவசாயியோடு மேடை ஏறி, அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று பேச வேண்டும். மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். அங்கேயும் பேசாவிட்டால், அடுத்த வருடம் இளைய பிள்ளைகளோடு சேர்ந்து இதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள்.

இதை எங்களிடம் சொன்னது தலைவிப் பிள்ளை. எல்லாக் கூட்டத்திலும் ஒரு தலைவி இருப்பாள்.

"அங்கிள், இவளுக்கு யாரும் கிடைக்கல. நல்லாப் பேசுற அங்கிளை நான் எடுத்துக்கிட்டேன். நீங்கதான் மிச்சம்."

"எனக்குப் பேச்சு வராதும்மா."

"அவளுக்கும் வராது அங்கிள். சரியாப் போச்சு."

நான் மறுக்க வாயெடுப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "ஏங்க, அந்தப் புள்ள மொகத்தப் பாருங்க. நாலு நாளா சோறு எறங்கல அதுக்கு. அங்கன போயி நாலு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீக? கல்யாணத்துக்குத் தாலி கட்டுறப்பயும் இப்பிடித்தான் குனிஞ்சுக்கிட்டு இருந்தீக. நடக்காமயா போச்சு?"

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "முடியாதுன்னா பரவாயில்லைங்கய்யா" என்றது. அப்படிச் சொன்ன பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது?

அதற்குக் கிடைத்த தலைப்பு, விதையைக் கடினப்படுத்துதல். எங்கள் பக்கம் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். விதைக்கும் முன்பு நெல்லைப் பொட்டாசியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி எடுத்தால், மழை தள்ளிப்போனாலும் விதை தாங்கும் என்பது பாடம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு பங்கு விதையை ஊறவைத்தோம். போட்டோ எடுத்தார்கள். சாக்கில் பரப்பி உலர்த்தினோம். அதற்கும் போட்டோ. ஊறவைத்த விதையை ஒரு வயலிலும் ஊறவைக்காததை இன்னொரு வயலிலும் விதைத்து வித்தியாசம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துக் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் டிராக்டர்க்காரரைத் தேடிப் போயிருந்தேன். என் மனைவி இரண்டு விதையையும் ஒன்றாகக் கொட்டிச் சாக்கில் கட்டிவிட்டாள். வந்தது மழை இல்லை, வெறும் காற்று. ஆனால் எந்த நெல் படித்தது, எந்த நெல் படிக்காதது என்று பிரிக்க இனி யாராலும் முடியாது.

மறுநாள் விதைத்தோம். மற்ற பிள்ளைகள் எல்லாம் அறிக்கை எழுத உச்சிப்புளியில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பிள்ளை மட்டும் வந்திருந்தது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நானும் போடட்டுங்களா?" என்று கேட்டது. என் மனைவி பெட்டியில் விதையைக் கொடுத்தாள். பிள்ளை ஒரு கை அள்ளி, கண்ணை இறுக்கிக்கொண்டு எறிந்தது. முழுக் கையும் ஒரே இடத்தில் விழுந்தது.

"ஆத்தி! கோழிக்கு அரிசி போடுற மாதிரியில்ல போடுது!" என் மனைவி வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள். "வெரலத் தொறந்து விடு, ஆத்தா. ஒண்ணும் ஓடிப்போயிறாது."

விரலைத் திறந்தபோது காற்று எல்லாவற்றையும் வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. வயலின் மேற்கு மூலை முழுவதும் அப்படித்தான் விதைத்து முடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல விதைதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு மனப்பாடம் ஆரம்பமானது. அந்தப் பிள்ளை பேச வேண்டியது ஒரு தாளில், நான் பேச வேண்டியது இன்னொரு தாளில். இரண்டையும் எழுதியது தலைவி. என் தாளில் நான் முப்பது வருடமாக விவசாயம் செய்து வருகிறேன் என்றும், விதை நேர்த்தியைப் பற்றி எதுவும் அறியாமல் இருந்தேன் என்றும், மாணவிகள் வந்த பிறகு நல்ல பலன் கண்டேன் என்றும் இருந்தது. விதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு சொட்டு மழை இல்லை. பலனை எங்கே காண்பது என்று கேட்கலாம் என்றிருந்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கோயில் பொட்டலில், அழிந்துபோன ஊரின் மேல் உட்கார்ந்து படிப்போம். அந்தப் பிள்ளையின் தாளை நான் பிடித்துக்கொள்வேன், என் தாளை அது பிடித்துக்கொள்ளும். அது பேசுகிறபோது நின்றுவிட்டால் நான் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் நின்றுவிட்டால் அது எடுத்துக் கொடுக்கும். இரண்டு பேருமே வரிக்கு வரி நின்றோம். நடுவில் உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் இரண்டு பேருக்கும் அப்பாடா என்றிருக்கும். சத்தம் அடங்கும் வரை பேச வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தால் என்ன நடந்தது என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. நான் தாளைப் பார்த்துப் பார்த்துப் படித்தது அந்தப் பிள்ளையின் பாடத்தைத்தான். என் பாடம் எனக்குப் பாதிதான் வந்தது. அந்தப் பிள்ளையின் பாடம் தூக்கத்தில் எழுப்பினாலும் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறபோது வாய் தானாக "பொட்டாசியம் குளோரைடு" என்றது. மச்சான் அதைக் கேட்டுவிட்டார்.

"ஏலே மாப்ள, மாட்டுக்குப் பேரு வச்சிட்டியா? கூப்புட்டா திரும்பிப் பாக்குதா?"

கூட்டத்தன்று நான் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தது, நல்லதாக இருந்தது. மண்டப வாசலிலேயே தலைவி மறித்தாள்.

"என்ன அங்கிள் இது, விவசாயி மாதிரியே இல்ல!"

கையோடு வேட்டியும் பச்சைத் துண்டும் வாங்கி வைத்திருந்தாள். கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் போய் விவசாயியாக மாறி வந்தேன். என் மனைவி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓட்டுக் கேக்க வந்த ஆளு மாதிரி இருக்கீக" என்று சொல்லிக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் தலைவியும் மச்சானும். மச்சான் பேசியதைக் கேட்க வேண்டும். மாணவிகள் சொன்னபடி செய்ததில் விளைச்சல் எப்படிக் கூடியது, செலவு எப்படிக் குறைந்தது என்று அடுக்கினார். அவர் வயலும் என் வயலுக்கு அடுத்த வயல்தான். அங்கேயும் புழுதிதான் கிடந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

அடுத்தது நாங்கள். மேடை ஏறினோம். எதிரே விளக்கு வெளிச்சம். முன்வரிசை நடுவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பிள்ளை மைக்கைப் பிடித்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முன்பு நடந்ததுதான் திரும்பவும் நடக்கப்போகிறது என்று தெரிந்தது.

பொட்டலில் செய்கிற பழக்கம்தான். முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். "விதையைக் கடினப்படுத்துதல் என்பது..." மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிள்ளை அசையவில்லை. அடுத்த வார்த்தையையும் கொடுத்தேன். அதற்கும் அசையவில்லை. அதற்கடுத்ததைக் கொடுத்தேன். நடுவில் நிறுத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயமாக இருந்தது. பேசிக்கொண்டே போனால் அந்தப் பயம் தெரியவில்லை. விதையின் உள்ளே நடக்கிற மாற்றம், கரைசலின் அளவு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், ஏன் நிழலில் உலர்த்த வேண்டும் என்று ஒன்று விடாமல், பொட்டாசியம் குளோரைடு உட்பட, கடைசி வரியில் இருந்த "நன்றி, வணக்கம்" வரை சொல்லி முடித்துவிட்டேன்.

மண்டபம் கைதட்டியது. பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "பிரமாதம் ஐயா" என்றார். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்ல வேண்டியதைத்தான் ஐயா சொல்லிட்டாரே. இப்ப நீ என்னம்மா சொல்லப்போற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே பேச்சை நான் செலவழித்துவிட்டேன். மேடையிலிருந்து அப்படியே இறங்கி ஊருக்கு நடந்துவிடலாமா என்றிருந்தது. கீழே தலைவி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனது. அதற்கு மனப்பாடமாக இருந்தது, பொட்டலில் அது பிடித்திருந்த என் தாள்தானே?

"வணக்கம். நான் முப்பது வருடமாக விவசாயம் செய்து வருகிறேன்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பிள்ளையின் முகம் சிவந்தது. ஆனால் இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அப்படின்னு ஐயாதாங்க சொல்லணும். நான் சொல்றத அவரு சொல்லிட்டாருங்க" என்றது. மறுபடி சிரிப்பு. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"சரி, அப்ப ஐயா சொல்ல வேண்டியதை நீ சொல்லு" என்றார் பேராசிரியர்.

பிள்ளை என் பாடத்தை ஆரம்பித்தது. விதை நேர்த்தியைப் பற்றி எதுவும் அறியாமல் இருந்தேன். மாணவிகள் வந்த பிறகு நல்ல பலன் கண்டேன்.

"என்ன பலன்?"

பிள்ளை என்னைப் பார்த்தது. தாளில் அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"இன்னும் மொளைக்கவே இல்லைங்க சார்."

"ஏன்?"

"மழை பெய்யலைங்க. புழுதியில போட்டுட்டு வானத்தப் பாத்துட்டு இருக்கோம்."

"நேர்த்தி செஞ்ச விதை எந்த வயல்ல இருக்கு?"

"தெரியலைங்க. ரெண்டும் ஒண்ணாக் கலந்துருச்சு."

"யார் கலந்தது?"

கடைசி வரிசையில் என் மனைவி எழுந்துவிட்டாள். "நாந்தாங்க கலந்தேன். மழ கறுத்துக்கிட்டு வருது, காலேசுக்காரவுகளக் கேட்டுக்கிட்டா நிக்க முடியும்?"

பேராசிரியர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ எழுதினார். "முளைச்ச பிறகு நேர்ல வந்து பார்க்கிறேன். அதுக்குப் பிறகுதான் உனக்கு மதிப்பெண்" என்றார். மச்சான் வயலைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அங்கேதான் விளைச்சலே கூடிவிட்டதே. தலைவிக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை தினமும் போனில் ஒரே செய்திதான் அனுப்பும்: "ஐயா, மழைங்களா?" நானும் ஒரே பதில்தான் அனுப்புவேன். நான் என் வயலுக்காக வானத்தைப் பார்த்த காலம் போய், அந்தப் பிள்ளையின் பரீட்சைக்காகப் பார்க்கத் தொடங்கினேன். ஒருவழியாக ஐப்பசியில் மழை இறங்கியது. சில நாளில் வயல் பச்சை பிடித்தது. செய்தி அனுப்பினேன். பேராசிரியர் வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் அந்தப் பிள்ளையும் இறங்கியது.

வரப்பில் நின்று பார்த்தார். பயிர் ஒரே சீராக இருந்தது, மேற்கு மூலையைத் தவிர. அங்கே கைப்பிடி கைப்பிடியாகக் குத்துக்குத்தாக முளைத்து, இடையில் வெறும் மண் கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், மேற்கு வயல்காரர் விதைக்கவே விதைக்காத இடத்திலும் கொஞ்சம் நெல் நின்றது.

"உன் நேர்த்தி விதை எது?"

"அது தெரியலைங்க சார். ஆனா நான் விதைச்சது தெரியும்." பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, நேராக அந்த மூலைக்குப் போய் நின்றது. "இந்தக் குத்தெல்லாம் விரலை மூடிட்டு எறிஞ்சதுங்க. அந்தாண்ட இருக்கறது விரலைத் திறந்தப்புறம் காத்துல போனதுங்க. கடல் காத்து அடிக்கையில கையை எறக்கி வீசணும். நான் தூக்கி வீசிட்டேன்."

பேராசிரியர் என்னைப் பார்த்து, "இது என்ன முறைங்க ஐயா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அது காலேசு முறைங்க" என்றாள் என் மனைவி.

அன்றைக்கு அவர் சிரித்துவிட்டார். ஜீப்பின் மேல் தாளை வைத்து மதிப்பெண் போட்டார். பிள்ளை தேறிவிட்டது. குறிப்பு என்ற இடத்தில், "விவசாயிக்குத் தொழில்நுட்பத்தைச் சிறப்பாகக் கற்பித்துள்ளார்" என்று எழுதியிருந்ததாக அந்தப் பிள்ளைதான் பிறகு சொன்னது. அது உண்மைதான். நான் அடுத்த வருடம் விதையை ஊறவைக்கவில்லை. ஆனால் எப்படி ஊறவைக்க வேண்டும் என்று இன்றைக்குக் கேட்டாலும் தடங்கல் இல்லாமல் சொல்வேன்.

யார் கேட்கிறார்கள்? ஊரில் என் பேர் பொட்டாசியம் ஆகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகளிடம் மச்சான் என் வீட்டைக் காட்டி, "அங்கன போங்க, அவருதான் மேடையில பேசுறவரு" என்று அனுப்பிவிடுகிறார். இந்த வருடம் போட்ட கோலப்பொடிப் படத்தில்தான் முதல் முறையாக என் வீடு சரியான இடத்தில் இருக்கிறது.